அறிவிப்பு எண் நாற்பத்தொன்றுக்கான விளக்கம்

விளக்கக்காரரைத் தெரியுமா உங்களுக்கு? தெரியாமல் இருக்க வழியில்லை. ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒருவர், ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது இருவர் என்று ஆண்டவன் இந்த இனத்தைத் தாராளமாகவே படைத்திருக்கிறான். போகிற போக்கில் அவரிடம் மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். "மொதல்ல ஒண்ணத் தெளிவுபடுத்திடறேன், இந்தக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் முன்னால ஓடுது, ஆனா போன மாசம் அது பின்னால ஓடிட்டிருந்தது" என்று தொடங்கி, கடிகாரம் வாங்கிய கடை, கடைக்காரரின் மாமனார், மாமனாருக்கு நடந்த கண் அறுவை சிகிச்சை என்று ஒரு சுற்று போய்த் திரும்புவார். அதற்குள் நீங்கள் பிடிக்க வேண்டிய பேருந்து பக்கத்து நகரமான இர்பித் போய்ச் சேர்ந்திருக்கும். மணி என்ன? அதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த இனத்தை அடையாளம் காண ஒரு சோதனை இருக்கிறது. அவர் பேசி முடித்ததும் எதிரே இருப்பவர் முகத்தைப் பாருங்கள். "சரி, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று அவர் கேட்டால் முடிந்தது, பேசியவர் விளக்கக்காரரேதான்.

சாதாரண நாளில் இவர்களால் ஒரு கெடுதலும் இல்லை. பொழுது போகும், தூக்கம் நன்றாக வரும். ஆனால் ஊருக்குள் ஒரு நோய் வந்து, வந்த வேகத்தில் போய்த் தொலையாமல் எட்டு மாதம் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்த நேரம் பார்த்துப் பொதுமக்களுக்குச் செய்தி சொல்லும் நாற்காலியில் ஒரு விளக்கக்காரர் அமர்ந்துவிட்டால்? என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். எங்கள் மலையூர்ச் சுகாதார அலுவலகத்தில் உஸ்தாத் ஜவ்தத்தின் அறிவிப்புகளை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை தட்டச்சு செய்தவள் நான்தான். பெயர் சமீஹா. என் விரல்களைப் பார்த்தாலே தெரியும்.

நோய், காமாலை. காரணம், தண்ணீர். எங்களுக்குக் குழாயில் தண்ணீர் வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை. அன்று மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால்தான் அடுத்த திங்கள்வரை வாழ்க்கை ஓடும். மேட்டுத் தெருவில் என் தங்கை நிஸ்ரீன் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து முதல் முறையாக வயிற்றில் பிள்ளை, அப்போதுதான் நாள் தள்ளியிருந்தது. இந்தக் காமாலை மற்றவர்களைப் பதினைந்து நாள் படுக்கையில் போடும், கர்ப்பிணிகளை ஆளையே கொண்டுபோய்விடும் என்று எங்கள் தலைமை மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்.

மருத்துவர் நல்ல மனிதர். ஒரு துண்டுச் சீட்டில் "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்று எழுதி உஸ்தாதிடம் நீட்டினார். உஸ்தாத் அதை வாங்கிப் படித்தார். புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்ததில் அவருக்கு மனசு கஷ்டப்பட்டுவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான்," என்றார் மருத்துவர்.

"சமீஹா, உக்காருங்க. எழுதிக்குங்க."

அறிவிப்பு எண் ஒன்று இப்படித்தான் பிறந்தது: "பொதுநலன் கருதி, குழாய்வழி வழங்கப்படும் நீரானது, அருந்தப்படுவதற்கு முன்னர், உரிய வெப்பச் செயல்முறைக்கு உட்படுத்தப்படுதல் விரும்பத்தக்கது எனக் கருதப்படலாம்." எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கருதப்படலாம்" என்ற சொல் அவருக்கு அவ்வளவு இஷ்டம்.

ஊர் அதை வானொலியில் கேட்டது. மேட்டுத் தெருப் பெரியவர் ஹாஜி மித்கால், எழுபது வயது, படித்தவர், மதிப்பானவர், என்ன செய்தார் தெரியுமா? பன்னிரண்டு போத்தலில் தண்ணீர் பிடித்து மொட்டைமாடியில் வெயிலில் வரிசையாக அடுக்கிவிட்டார். அவரைப் பார்த்துத் தெருவே அடுக்கியது. வழியில் நிறுத்திக் கேட்டேன்.

"என்ன ஹாஜி இது?"

"வெப்பம்மா. செயல்முறை. மத்தியானத்துக்குள்ள நல்லாச் சூடாயிடுது, டீயே போடலாம்."

உஸ்தாத் பதறிப்போய் அறிவிப்பு எண் இரண்டை விட்டார். சூரிய வெப்பம் இதில் அடங்காது. அப்படியானால் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் அடுப்பின் மேல் வைத்தால்? எண் மூன்று. எத்தனை நிமிடம்? எண் நான்கு. கடலிலிருந்து எங்கள் ஊரின் உயரத்தைக் கணக்கில் எடுத்தால் எத்தனை நிமிடம்? யாருமே கேட்கவில்லை, ஆனாலும் எண் ஐந்து. ஒவ்வோர் அறிவிப்பின் அடியிலும் "இதை முந்தைய அறிவிப்புகளுடன் சேர்த்தே படிக்கவும்" என்று சிவப்புப் பேனாவால் கோடிட்டுக் கொடுப்பார். யார் படிப்பது? எனக்கே அந்தக் கோப்பைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது தொட்டிப் பிரச்சினை. "திங்கள் முதல் வரும் நீர்" என்று ஓர் அறிவிப்பில் போட்டுவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? "எங்க தொட்டியில இருக்கறது போன திங்கக்கிழமைத் தண்ணி, அது இதுல வராது" என்று ஒரு கட்சி. "பழசு அடியில, புதுசு மேல, குழாய் அடியிலதான இருக்கு, அப்ப வர்றது பழசுதான்" என்று இன்னொரு கட்சி. ரொட்டிக்கடை வரிசையில் இதே வாதம், கல்யாண வீட்டில் இதே வாதம், தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போதும் இதே வாதம். உஸ்தாத் சும்மா இருப்பாரா? பழைய தண்ணீரும் புதிய தண்ணீரும் எந்த நாளில் எவ்வளவு கலக்கும் என்று ஏழு வரி அட்டவணை ஒன்றைத் தயாரித்து, வானொலியில் அதை நெடுக்காகவும் குறுக்காகவும் வாசித்தார். அட்டவணையை வானொலியில்! வாசித்துவிட்டு வந்து, "இனி ஒருத்தருக்கும் சந்தேகம் இருக்காது" என்று ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். கொதித்த தண்ணீர்தான். தன் விஷயத்தில் அவருக்குக் குழப்பமே கிடையாது.

நான்காம் மாதத்தில் ஊருக்கு அலுத்துவிட்டது. நீண்ட நோயில் மனிதர்கள் முதலில் பயப்படுகிறார்கள், அப்புறம் சண்டை போடுகிறார்கள், அப்புறம் காது கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். உஸ்தாதின் குரல் வந்ததும் வானொலியை அணைப்பது போய், அவர் இன்று எத்தனை தடவை "அதே சமயம்" என்று சொல்வார் என்று பந்தயம் கட்டி, தோற்றவர் வீட்டில் கினாஃபா இனிப்பு சாப்பிடும் வழக்கம் வந்தது. என் தங்கை முதலில் ஒழுங்காகத்தான் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பு இருபத்தாறில் தெருக்களையெல்லாம் மூன்று வகையாகப் பிரித்து, ஒரு வகையை மட்டும் மறுபரிசீலனையில் வைத்தார் உஸ்தாத். தன் தெரு எதில் இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை, விட்டுவிட்டாள். இதை எனக்கு அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த இடத்தை நான் சற்றுத் தெளிவுபடுத்த வேண்டும், ஆனால் அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

நோய் வந்த எட்டாம் மாதம், நிஸ்ரீனுக்கு ஏழாம் மாதம், மழை கொட்டியது. குழாய்க்குத் தண்ணீர் வரும் ஊற்றில் சேறு கலந்தது, கிருமி கொல்லும் மருந்து கலக்கும் இயந்திரமும் நின்றுபோனது. சனிக்கிழமை மருத்துவர் முகம் வெளுத்து வந்தார்.

"உஸ்தாத், நாளன்னிக்கு வரப்போற தண்ணிதான் இதுவரைக்கும் வந்ததுலயே மோசம். மேட்டுத் தெருவுக்கு நேரா போகுது. அங்க மட்டும் மூணு கர்ப்பிணிங்க. இந்தத் தடவையாவது..."

"கவலைய விடுங்க டாக்டர். இந்தத் தடவை ரொம்பத் தெளிவாவே எழுதிடறேன்."

அறிவிப்பு எண் நாற்பத்தொன்று நான்கு பக்கம் வந்தது. "கொதி" என்ற எழுத்துகள் அதில் எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன். வானொலியில் பாதியில் வெட்டிவிட்டுக் கால்பந்து போட்டார்கள். உடனே நிஸ்ரீனுக்குக் கைபேசியில் விவரமாக ஒரு குரல் பதிவு அனுப்பினேன். கூடப்பிறந்தவளாச்சே, விட முடியுமா? கேட்டுவிட்டாள் என்று நீலக்குறியும் விழுந்தது. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஞாயிறு மாலை உஸ்தாதின் மனைவி உம்மு தாரிக், அதாவது தாரிக்கின் அம்மா, மூச்சிரைக்கத் தொலைபேசியில் அழைத்தார்.

"சமீஹா, ஓடி வாடீ! வீட்டுக்கு ஜாஹா வர்றாங்களாம்! மேட்டுத் தெருப் பெரியவங்க பதினாலு பேரு! எங்க பொண்ணு சல்மாவுக்குத்தான், வேற யாருக்கு? ஏலக்காய் இருந்தா கொண்டா!"

ஒரு வீட்டில் ஒன்றை வேண்டிக் கேட்கப் பெரியவர்கள் கூட்டமாக வருவதுதான் ஜாஹா. பெண் கேட்க வரலாம், பகை தீர்க்க வரலாம். வீட்டுக்காரர் காபி கொடுப்பார். வந்தவர்கள் அதைக் குடிக்காமல் முன்னால் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார்கள். குடிக்காமல் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டுக்காரர் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

நான் போனபோது சல்மாவுக்கு வளையல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கதவிடுக்கில் நாங்கள் மூவரும் ஒருவர் தலைமேல் ஒருவர் தலை வைத்து நின்றோம். உள்ளே பதினான்கு பெரியவர்கள், பதினான்கு குட்டிக் கிண்ணங்களில் கறுப்புக் காபி. ஹாஜி மித்கால் தன் கிண்ணத்தை எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி தரையில் வைத்தார். எல்லாரும் வைத்தார்கள்.

"உஸ்தாத், நாங்க வந்த காரியம் முடியாம இந்தக் காபியத் தொட மாட்டோம்."

உஸ்தாத் தொண்டையைச் செருமினார். "வாங்க வாங்க. எங்க வீட்டுப் பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு. ஆனா மொதல்ல ஒண்ணத் தெளிவுபடுத்திடறேன், சல்மாவோட படிப்பு..."

"பொண்ணு கேட்டு வரல உஸ்தாத். ஒரு வாக்கியம் கேட்டு வந்திருக்கோம்."

என் தலைக்கு மேலே உம்மு தாரிக்கின் தலை "ஆ?" என்றது.

"எட்டு மாசமா நாப்பத்தொரு அறிவிப்பு கேட்டோம். தண்ணிய என்ன பண்றதுன்னு இன்னும் தெரியல. நாளைக்குத் தண்ணி வருது. ஒரே ஒரு வாக்கியம். முற்றுப்புள்ளி வெச்சது. குடுத்தீங்கன்னா காபி குடிச்சிட்டுப் போறோம்."

உஸ்தாத் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மகளைக் கேட்டிருந்தால்கூடச் சந்தோஷமாகக் கொடுத்திருப்பார் பாவம்.

"ஒரு வாக்கியத்துல எப்படி ஹாஜி? எந்தத் தண்ணி, எந்தப் பாத்திரம், மூடி வெச்சா, மூடாம வெச்சா, இதெல்லாம் நாளைக்கு நீங்களே கேப்பீங்களே?"

"கேக்க மாட்டோம்."

"கேப்பீங்க!"

அதற்கு மேல் உம்மு தாரிக்கால் பொறுக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, பெரியவர்களின் வரிசையிலேயே உட்கார்ந்து, டொக்கென்று தரையில் வைத்தார்.

"நானும் ஜாஹாதான். முப்பது வருஷமா இந்த மனுஷன்கிட்ட ஒரு வாக்கியம் கேட்டுட்டிருக்கேன். குழம்புல உப்பு இருக்கா இல்லையான்னு கேட்டா, உப்பு எங்கெங்க விளையுதுன்னு சொல்றாரு. அபூ தாரிக், சொல்லுங்க, இல்லன்னா நானும் குடிக்க மாட்டேன்!"

பெரியவர்களுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. ஒருவர் மீசையைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் இருமினார். உஸ்தாத் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை.

"மொத வாரத்துல நான் ஒரே வாக்கியம்தான் சொன்னேன். ஞாபகமிருக்கா? 'பயப்பட ஒண்ணுமில்ல'ன்னேன். நாலாம் நாள் ரொட்டிக்கடையில ஒருத்தர் என் சட்டையப் பிடிச்சாரு. அவரு மகனுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். 'நீதான ஒண்ணுமில்லன்ன?'ன்னு எல்லாரு முன்னாலயும் கேட்டாரு. அன்னிக்கு முடிவு பண்ணினேன், இனிமே நான் சொல்ற எதையும் யாரும் தப்புன்னு சொல்லவே முடியக்கூடாதுன்னு."

எனக்கு இது தெரியாது. முதல் வாரம் நான் விடுப்பில் இருந்தேன். அந்த நாற்பத்தொரு அறிவிப்பும் அவர் போட்டுக்கொண்ட கவசம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் கொஞ்சம் பாவமாகவும் கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

கடைசி வரிசையில் ஓர் ஆள் எழுந்தார். காஸ் வண்டி ஓட்டும் ஃபவ்வாஸ். "சட்டையப் பிடிச்சது நாந்தான் உஸ்தாத்."

"தெரியுமே," என்றார் உஸ்தாத்.

"பையன் இப்ப நல்லா இருக்கான், கூரை கூரையாத் தாவறான். ஆனா நீங்க சுருக்கமாச் சொன்னதுக்கு நான் கோவப்படல. உங்களுக்கே தெரியாதத, தெரிஞ்ச மாதிரி சொன்னீங்க, அதுக்குத்தான். இது தெரியும்ல உங்களுக்கு? தெரிஞ்சதச் சொல்லுங்க. தெரியாதத தெரியலன்னு சொல்லுங்க. தப்பாப் போனா வந்து தப்புன்னு சொல்லுங்க. நான் சட்டையத் தொட மாட்டேன்."

உஸ்தாத் நிமிர்ந்து உட்கார்ந்தார். உதட்டை நனைத்தார்.

"தண்ணிய... கொதிக்க வெச்சுக் குடிங்க."

பதினைந்து கைகள் பதினைந்து கிண்ணங்களைத் தூக்கின.

"ஆனா..." என்றார் உஸ்தாத்.

பதினைந்து கிண்ணங்களும் டக்கென்று தரைக்குப் போயின. "யா அல்லாஹ்!" என்று ஹாஜி மித்கால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இல்ல இல்ல, மன்னிச்சுடுங்க, வாய் பழக்கம்! இன்னொரு தடவை!" உஸ்தாத் ஒரு பெரிய பேரீச்சம்பழத்தை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார். ஃபவ்வாஸ் குரலைப் பதிவு செய்யக் கைபேசியை நீட்டினார். "தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சு மட்டும் குடிங்க!" சொன்ன கையோடு பழத்தை வாயில் திணித்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மேலே ஏதோ சொல்ல வந்ததை அவர் கன்னங்கள் காட்டிக்கொடுத்தன. பழம் அதை விடவில்லை.

காபியை உதடுவரை கொண்டுபோன ஹாஜி நின்றார். "உம்மு தாரிக், இந்தக் காபிக்குத் தண்ணி..."

"கொதிச்சதுதான்! காபிய வேற எப்படிப் போடுவாங்களாம்!"

அப்போது எழுந்த சிரிப்பில் சல்மாவின் வளையல்கூடக் கழன்று விழுந்தது.

திங்கள் காலை எங்கள் ஊரில் எல்லாரும் ஓடி வந்து எட்டிப் பார்க்கும் ஒரே சத்தம், காஸ் வண்டியின் பாட்டு, மேட்டுத் தெருவில் ஏறியது. பாட்டு நின்ற இடத்தில் உஸ்தாதின் குரல்: "தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சு மட்டும் குடிங்க!" மறுபடி பாட்டு, மறுபடி குரல். சன்னல்கள் திறந்தன. "ஃபவ்வாஸ், நீ காஸ் விக்கத்தான இந்த வேலை?" என்று ஒருத்தி மாடியிலிருந்து கத்தினாள். "ஆமாக்கா, நீங்க நல்லா இருந்தாத்தான அடுத்த சிலிண்டர் வாங்குவீங்க!" என்றார். அன்று தெரு முழுக்கப் பாத்திரங்கள் கொதித்தன.

புதன்கிழமை ஒரு பானை மக்லூபாச் சோறு செய்து எடுத்துக்கொண்டு நிஸ்ரீன் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் பெரிய கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது. கட்டிப் பிடித்துக்கொண்டேன், குறுக்கே வயிறு இடித்தது.

"அக்கா, காஸ் வண்டி மட்டும் வரலன்னா நான் அந்தத் தண்ணியத்தான் குடிச்சிருப்பேன்."

"காஸ் வண்டியா? நான்தான் சனிக்கிழமையே சொன்னேனே!"

நிஸ்ரீன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்து அழுத்தினாள். என் குரல் வந்தது: "நிஸ்ரீன் கண்ணு, பதறாத. மொதல்ல ஒண்ணத் தெளிவுபடுத்திடறேன்..."

நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். குரல் பேசிக்கொண்டே இருந்தது. மருத்துவரின் முகம் வெளுத்த கதை, இயந்திரம் நின்ற கதை, உஸ்தாதைப் பற்றிய புலம்பல், அறிவிப்பு இருபத்தாறு ஏன் தப்பு என்ற ஆராய்ச்சி, எங்கள் அம்மாவின் முழங்கால். மக்லூபா ஆறிப்போனது.

"பதினோரு நிமிஷம் அக்கா. மூணு தடவை கேட்டேன். கடைசிவரைக்கும் 'கொதிக்க வை'ன்னு நீ சொல்லவே இல்ல. உன்னக் கூப்பிட்டுக் கேட்டா இன்னும் இருபது நிமிஷம் ஆகுமேன்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை பூரா தொட்டித் தண்ணிதான் குடிச்சேன்."

அடுத்த ஆறு வாரம் தினமும் அவள் வீட்டுக்குப் போய், சன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, கண்ணின் வெள்ளையைப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. பிள்ளையும் பிறந்தாள், நல்ல குரலோடு. பசித்தால் ஒரே ஒரு கத்து, வீடே புரிந்துகொள்கிறது. உஸ்தாத் மனைவியோடு பார்க்க வந்தார். பிள்ளையை உற்றுப் பார்த்து, "அழகா இருக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உம்மு தாரிக் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் கைபேசியை எடுத்து, வீட்டாருக்குக் கடைசியாக அனுப்பிய குரல் பதிவு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பிறகு அதற்கு வந்த பதிலைப் பாருங்கள். "சரி, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்று இருக்கிறதா? இருந்தால், சீக்கிரம் கதவைத் திறந்து வையுங்கள், காபிக் கிண்ணங்களைக் கழுவுங்கள். உங்கள் வீட்டுக்கும் பதினாலு பேர் கிளம்பியிருப்பார்கள்.

என்னைக் கேட்கிறீர்களா? தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்ல இத்தனை பக்கம் எதற்கு என்றா? அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இப்படி உட்காருங்கள், மொதல்ல ஒண்ணத் தெளிவுபடுத்திடறேன்.